வாலு முதலில் வாங்கும்

முதலில் காலிங் பெல்தான் அடித்தது. காலை மணி பதினொன்று இருபது. அந்த நேரத்தில் மூன்றாம் மாடியில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை என்று எதிர்வீட்டுத் தையல்கார அக்கா எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வார். அவருடைய தையல் மெஷின் வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. வெளிச்சத்துக்காக என்பார். யார் வீட்டுக்கு எத்தனை பார்சல் வந்தது, அதில் எது திரும்பிப் போனது, யார் லிஃப்டுக்குள் போய் நின்று அழுதார்கள் என்பதெல்லாம் அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். நடைபாதையில் ஆள் அரவம் கேட்டால் மெஷின் நிற்கும். ஆள் உள்ளே போன பிறகுதான் மறுபடி ஓடும். குடியிருப்பில் எல்லோரும் இதை வைத்தே யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

அன்றைக்கு மெஷின் நிற்கவில்லை. ஆனால் அக்காவுக்கு எதிர்வீட்டில் மணி அடித்தது. கதவு திறந்து வெளிறிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“பெல் அடிச்சது நீங்களா அக்கா?”

“நான் ஏன் சார் அடிக்கிறேன்? உங்க வீட்டுல என்னத்தைத் திருட வரப்போறேன்?”

“யாராவது வந்தாங்களா?”

“வந்திருந்தா எனக்குத் தெரியாம போயிடுமா? போய்த் தண்ணி குடிங்க. மூஞ்சியைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.”

குடியிருப்பில் அந்த முகத்துக்காரருக்கு டென்ஷன் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி லிஃப்ட் வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி வருவார். அப்படிப்பட்டவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முன்பு விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் உத்தியோகம். பன்னிரண்டு வருடம் நசுங்கிய கார்களையே பார்த்தவருக்குச் சாலையைக் கடக்கும்போது கைகால் உதறுவதில் ஆச்சரியமில்லை. போன வருடம் அதை விட்டுவிட்டு, காலையில் பங்குகளை வாங்கி மாலைக்குள் விற்கும் தொழிலுக்கு வந்தார். பயந்த சுபாவக்காரர் செய்கிற தொழிலா இது என்று மனைவி கேட்டாள். கேட்டாள் என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. கத்தினாள். மேல்மாடிவரை கேட்டது.

அவள் சொன்னதுதான் நடந்தது. சந்தை ஆடுகிற நாட்களில் விலை கொஞ்சம் சரிந்தாலும் அவருக்கு நெஞ்சு படபடக்கும், கை தானாகப் போய் விற்றுவிடும். விற்ற பத்தாவது நிமிடம் அதே பங்கு எழுந்து உட்காரும். ஒரு வருடம் இப்படியே போனது. கடைசியில் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர்காரன், அவருடைய பழைய வரவு செலவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தான்.

“மாமா, நீங்க பயந்து வித்த நூறு தடவைல எண்பத்தி மூணு தடவை உடனே விலை ஏறியிருக்கு. இவ்வளவு கரெக்டா தப்பு பண்ற ஆளை நான் பாத்ததே இல்ல.”

“கிண்டல் பண்ணாத மாப்ள.”

“கிண்டல் இல்ல மாமா. உங்க பயத்தைவிட நல்ல சிக்னல் இந்தச் சந்தையிலயே கிடையாது. அதை வீணாக்கிட்டு இருக்கீங்க.”

யோசனை எளிமையானது. அவருடைய ரத்த அழுத்தத்துக்காக மனைவி ஒரு பட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். மணிக்கட்டில் கட்டினால் நாடித்துடிப்பை எண்ணும் கருப்பு ரப்பர் பட்டை. அவள் நர்ஸ். காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் தன் கையாலேயே அதை நான்காவது துளையில் மாட்டி, மேலே இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் போவாள். மைத்துனன் அந்தப் பட்டையை, தானாகவே பங்கு வாங்கி விற்கும் ஒரு கம்ப்யூட்டர் நிரலோடு இணைத்தான். டென்ஷனின் நாடி எகிறினால் நிரல் வாங்கும். நாடி அடங்கினால் விற்கும். ஒரேயொரு பெயிண்ட் கம்பெனியின் பங்கு. அவர் எதையும் தொடக் கூடாது. உட்கார்ந்து பயந்தால் போதும்.

“எது செஞ்சா லாபம் வருதுன்னு அதுவே பாத்துப் பாத்துக் கத்துக்கும் மாமா. நாம தலையிடவே வேண்டாம்.”

திரையில் ஏறி இறங்கும் சிவப்புப் பச்சைக் கட்டங்களையும் அவற்றின் கீழே தொங்கும் மெல்லிய கோடுகளையும் பார்த்துவிட்டு, எட்டு வயது மகள் அதற்கு வாலு என்று பெயர் வைத்தாள்.

வாலு வந்த பதினைந்து நாளும் சந்தைக்குப் பேய் பிடித்த மாதிரி இருந்தது. எங்கோ ஒரு போர்ச் செய்தி, எங்கோ ஒரு தேர்தல். விலைகள் காலையில் பள்ளத்திலும் மதியம் மேட்டிலும் கிடந்தன. டென்ஷன் நாள் முழுக்க வியர்த்தார். வாலு நாள் முழுக்கச் சம்பாதித்தது. பிறந்ததிலிருந்து யாருக்கும் உபயோகப்படாத ஒரு குணம் வீட்டுக்கு வருமானம் கொண்டுவருகிறது என்பதில் அவருக்கு வந்த பெருமையை லிஃப்டில் கூடவே ஏறியவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது. “பயந்து பயந்தே சம்பாதிக்கிற ஒரே ஆம்பளை எங்க வீட்டுலதான்” என்று மனைவியும் சிரித்தாள். அந்தப் பெருமையில்தான், வாலு வாங்கும்போது கூடத்து விளக்கு மினுக்க வேண்டும், விற்கும்போது ஸ்பீக்கர் ஒலிக்க வேண்டும், சந்தை நேரத்தில் வாசற்கதவு வெளியிலிருந்து திறக்காதபடி தானே பூட்டிக்கொள்ள வேண்டும், பெல் அதன் பேச்சைக் கேட்டு அடங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் மைத்துனனிடம் கேட்டு வாங்கினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவரே கேட்டார்.

பிறகு சந்தை அடங்கியது. பெயிண்ட் கம்பெனி விலை நாள் முழுக்க ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. நாடி எழுபத்திரண்டு. வாலு இரண்டு நாள் எதையும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது.

எதிர்வீட்டு அக்காவிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, திரையில் ஒரு வரி. வாங்கியது: நாற்பது பங்கு. அதற்குக் கீழே இன்னொரு வரி. விற்றது: நாற்பது. கிடைத்த லாபம் இரண்டு டீக்குக் காணும். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு அதே மணி அடித்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான்காம் தடவை அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நாடியும் எழவில்லை. அதற்கு மறுநாள் மணி அடிக்கவில்லை.

அன்றைக்கு மனைவி டியூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். மின்விசிறி மெதுவாகக் கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. எதிர்வீட்டு மெஷின் ஒரு நீளமான ஓரத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பட்டைக்கடியில் வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை, மேஜை மேல் ஆறிப்போன காபியின் வாடை, சன்னல் கம்பியின் நிழல் விசைப்பலகை மேல் ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. கூடத்து விளக்கு ஒருமுறை மினுக்கியது. அதற்குப் பிறகு, பின்னறையில் அவருடைய அப்பா இருமினார்.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. கடைசி மூன்று மாதம் அந்தப் பின்னறையில்தான் படுத்திருந்தார். முதலில் சின்னதாக இரண்டு இருமல், நடுவில் ஒரு மூச்சு, பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்து ஒரு பெரிய இருமல். அந்த வரிசை மாறவே மாறாது. அதே வரிசை. டென்ஷனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு நிமிடம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மகளின் பொம்மைகள். சன்னல் திரை. அலமாரி மேல் ஸ்பீக்கர்.

திரையில்: வாங்கியது அறுநூறு. விற்றது அறுநூறு. பெயிண்ட் கம்பெனி விலை இரண்டுக்கும் நடுவே நான்கு நிமிடம் மட்டும் எழுந்து, மறுபடி படுத்திருந்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“மாமா, உங்கப்பா பேசின பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உங்க போன்ல இருக்குல்ல? அதுலேருந்து எடுத்திருக்கும். வீட்டு சாமான் எல்லாத்தையும் அதுகூட சேக்கச் சொன்னதே நீங்கதான்.”

“அப்பா இருமி முடிச்சதும் டம்ளரைத் தரையில வைப்பார்ல மாப்ள. டங்குனு. அந்தச் சத்தமும் வந்துச்சு. அதை நான் எந்த மெசேஜ்லயும் கேட்டதில்ல.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அது கூடப் பரவாயில்ல மாமா. எனக்கு வேற ஒண்ணு புரியல. நீங்க சந்தையைப் பாத்துப் பயந்தப்ப விலை ஏறுச்சு, அதுல ஒரு நியாயம் இருக்கு. இருமலைக் கேட்டுப் பயந்தா பெயிண்ட் விலை ஏன் மாமா ஏறணும்?”

“அதை நீதான்டா சொல்லணும்!”

“நிறுத்திடவா?”

இங்கேதான் டென்ஷன் ஒரு வினாடி யோசித்தார். அந்த வினாடியைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அறுநூறு பங்கு. நாலு நிமிடம். ஒரு இருமல்.

“ரெண்டு நாள் பாப்போம்” என்றார்.

அன்று சாயங்காலம் வாலுவின் குறிப்புகளை வரிசையாகப் படித்தார். பழைய தொழில் புத்தி. காரை முதலில் எது இடித்தது என்று கண்டுபிடிப்பது போல நேரத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதினார். இருமல் வந்தது பதினொன்று ஐம்பதுக்கு. அதில் சந்தேகமில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. வாலு அறுநூறை வாங்கியது பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு. மணி அடித்த நாட்களையும் பார்த்தார். ஒவ்வொரு நாளும் வாங்கியது முதலில். மணி பிறகு.

அவர் பயந்த பிறகு அது வாங்கவில்லை. வாங்கிவிட்டுப் பயமுறுத்துகிறது. எவ்வளவு பெரிய பயம் வரப்போகிறதோ அவ்வளவு பங்கு. மணிக்கு நாற்பது. அப்பாவுக்கு அறுநூறு.

அதன் பிறகு அவருக்கு விலையைப் பார்க்கும் வேலையே போய்விட்டது. எண்ணைப் பார்ப்பதுதான் வேலை. எண் வரும். பிறகு காத்திருக்க வேண்டும். எங்கிருந்து, எப்படி என்று தெரியாது. எவ்வளவு என்று மட்டும் தெரியும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். முதுகுப் பக்கம் ஒன்றும் இருக்கக் கூடாது. குளியலறைக்குப் போனால் கதவைத் திறந்தே வைத்தார். ஷூ அடுக்கும் அலமாரியை மூடி, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டார். ஏன் என்று மகள் கேட்டாள். எறும்பு என்றார்.

மறுநாள் மகளுக்குக் கடைசித் தேர்வு. மதியம் ஒன்று பத்துக்கு எண் வந்தது. இரண்டாயிரம்.

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறி. மெஷின். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம். கூடம். சமையலறை. பின்னறை இருட்டு. எதுவும் இல்லை. எதுவும் இல்லை.

“அப்பா.”

பால்கனிக்கு வெளியே இருந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“அப்பா, கை வழுக்குதுப்பா.”

ஓடினார். மகள் பள்ளியில் இருக்கிறாள் என்று அவருடைய புத்திக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. இடுப்புவரை கம்பிக்கு வெளியே சாய்ந்து, இரண்டு கைகளையும் கீழே நீட்டி, காற்றைப் பிடித்தார். மூன்று மாடிக்குக் கீழே சிமெண்ட் தரையும் ஒரு ஸ்கூட்டரும். ஒற்றைக் கால் தரையில் இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. உள்ளே ஸ்பீக்கர் இனிமையாக ஒலித்தது. விற்றாயிற்று.

அன்றிரவு அவர் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி என்றார். அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, “என்ன இது, சின்னப் புள்ளைங்களுக்கு அடிக்கிற மாதிரி தொண்ணூத்தாறு அடிக்குது?” என்றாள். காலையில் வழக்கம்போலப் பட்டையை மாட்டி, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. இன்றைக்கு ஒருநாள், மத்தியானம்வரை, என்று உட்கார்ந்தார். அவரைத் திட்டுவதற்கு மூன்றாம் மாடியில் யாருக்கும் யோக்கியதை இல்லை. அந்தத் திரையில் அந்த லாபத்தைப் பார்த்தவர்கள் யாராயிருந்தாலும் அந்த ஒருநாளைக் கேட்டிருப்பார்கள்.

பதினொரு மணிக்கு யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது. மகள்.

“அப்பா, நான்...” என்று ஏதோ ஆரம்பித்தாள்.

“ம்ம்” என்றார், எண் வருகிற இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போகட்டுமா?”

“ம்ம்.”

அவள் போனாள். அவள் போன பிறகுதான் அது மெதுவாக உள்ளே இறங்கியது. இன்றைக்குப் பள்ளி இல்லை. விடுமுறை தொடங்கிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறாள். இந்த வீட்டில். இதனோடு. அவரிடம் எதை வைத்தால் இரண்டாயிரம் வரும் என்று நேற்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த பாடத்துக்கு நிஜப் பிள்ளையே வீட்டில் இருக்கிறாள்.

பட்டையைப் பிய்த்துக் கழற்றினார். மேஜை டிராயரில் போட்டு மூடினார். மூன்று அறையிலும் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார். போனை எடுத்தார்.

“மாப்ள, நிறுத்து. இப்பவே.”

“பஸ்ல இருக்கேன் மாமா. அது உங்க வீட்டுல ஓடல, வெளியில ஒரு வாடகை கம்ப்யூட்டர்ல ஓடுது. ஆபீஸ் போய்த்தான் நிறுத்த முடியும். இருபது நிமிஷம்.”

“இருபது நிமிஷமா? பாப்பா வீட்டுல இருக்காடா!”

“பட்டையைக் கழட்டிட்டீங்கல்ல? அப்பறம் என்ன? நாடி போகலைன்னா அது குருடு மாமா. ஒண்ணும் பண்ணாது. ஒரு வாய் தண்ணி குடிங்க.”

எல்லோரும் அவரைத் தண்ணீர்தான் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். வாசற்கதவு சந்தை நேரப் பூட்டில் பத்திரமாக இருந்தது. அதுவே நல்லது என்று தோன்றியது. யாரும் உள்ளே வர முடியாது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டு மெஷின் எப்போதோ நின்றிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

திரையில் நாடித்துடிப்பு என்று ஓர் இடம் உண்டு. அது வெறுமையாக இருந்தது.

பிறகு அங்கே ஓர் எண் வந்தது.

தொண்ணூற்றாறு.

டிராயரைத் திறந்தார். ரப்பர் வாடை. வட்டமாக ஒரு வியர்வைக் கறை. பட்டை இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரம். பாப்பா. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் ஒரே ஒரு தடவை கட்டிக்கிறேன்ப்பா என்று.

தொண்ணூற்றாறு. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கிற மாதிரி.

அப்போது வாலு வாங்கியது. ஐம்பத்தோராயிரத்து நானூறு. கணக்கில் இருந்த மொத்தப் பணத்துக்கும் பங்கு. கடைசிக் காசுவரை.

மணிக்கு நாற்பது. அப்பாவுக்கு அறுநூறு. பால்கனிக்கு இரண்டாயிரம்.

அவர் கத்தினாரா என்று தெரியவில்லை. பின்னறைக்கு ஓடினார். சன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. பழுப்பு வெளிச்சம். பொம்மைகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்து, அவள் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல். கையில் கருப்புப் பட்டை.

அப்படியே உட்கார்ந்து அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். சன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கூரையில் விசிறியைப் பார்த்தார். எது வந்தாலும் முதலில் தன்மேல் விழட்டும் என்று அவள் தலைமேல் கவிந்துகொண்டார். பயந்தவர்தான். ஆனால் ஓடவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பயமா இருக்காடா கண்ணு?”

“ம்ம்.”

“பட்டையை நீயா எடுத்த?”

“ம்ம்.”

“பரவாயில்ல. மாமா இப்ப அதை நிறுத்திடுவான். அதுவரைக்கும் அப்பாகூடவே இரு. என்ன?”

“ம்ம்.”

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

காலிங் பெல் அடித்தது.

“அப்பா” என்றது வாசல். “அப்பா, கதவைத் திறங்க.”

மகளின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்க, கொஞ்சம் சிரிப்போடு. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. இவ்வளவுதானா! வாசல் பெல்லிலும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அதைப் பிடுங்க மறந்துவிட்டார். நேற்றுச் செய்ததையே இன்றைக்கும் செய்கிறது. பிள்ளை இங்கே மடியில் இருக்கிறது. ஏமாற்று வித்தை. “நீ வேணா கத்து” என்றார் வாசலைப் பார்த்து. சிரித்தார். சிரிப்பு அடங்கி மூச்சும் அடங்கியது.

அடங்கினால் வாலு விற்கும். எப்போதும் விற்கும்.

திறந்திருந்த கதவு வழியே கூடத்து மேஜை தெரிந்தது. திரையில் புது வரி எதுவும் இல்லை. ஐம்பத்தோராயிரத்து நானூறு அப்படியே நின்றது.

விற்கவில்லை.

அந்தப் பயம் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. விழாதது விழுந்தது. மெஷின் ஓடவில்லை.

டொக். டொக். டொக். விரல் முட்டியால் மரத்தைத் தட்டும் சத்தம். வாலுவுக்கு முட்டி இல்லை.

“சார்! காது கேக்கலையா? எவ்வளவு நேரம் நிக்கிறது? ஃபிராக்குக்கு அளவு எடுக்கணும்னு பாப்பாவை வரச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேங்குறா. உள்ள பூட்டிக்கிட்டு என்ன பண்றீங்க?”

“அப்பா, நான்தாம்ப்பா. அக்கா வீட்டுல இருந்தேன்ல.”

அவர் அசையவில்லை. மடியும் அசையவில்லை.

தன் கையில் இருந்த சின்ன மணிக்கட்டை, மனைவி பிடிப்பது போல, இரண்டு விரலால் அழுத்தினார். பட்டையில் எண் ஒளிர்ந்தது. தொண்ணூற்றாறு. ஒரு எண் கூடவில்லை, குறையவில்லை. விரலுக்கடியில் எதுவும் அடிக்கவில்லை.

“யாரு நீ?”

“ம்ம்” என்றது.

வாசலில் அக்கா கதவை உலுக்கினார். பூட்டு அசையவில்லை. பூட்டு வாலுவின் பேச்சைக் கேட்கும்.

மடியில் இருந்தவள் நிதானமாகத் தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றினாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். சில்லென்ற விரல்கள். ரப்பரைச் சுற்றினாள். இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளி, நான்காவது துளையில் மாட்டினாள். மேலே இரண்டு தட்டு தட்டினாள்.

நூற்று நாற்பது. நூற்று அறுபது. நூற்று எழுபத்தெட்டு.

“அப்பா!” என்றது வாசல், இப்போது அழுகையோடு.

அவள் முகத்தை நிமிர்த்தினாள். அவரைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.